வெள்ளைப் பூச்சு

குழந்தைக்கானாலும் பெரியவர்களுக்கானாலும் டயாப்பர் புண்ணுக்குப் போடும் அந்த கிரீம் ஒன்றுதான், மேடம். அட்டையில் குழந்தை படம் இருப்பதால் பெரியவர்களுக்கென்று கேட்டு வாங்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். எனக்கு அந்தக் கூச்சம் இருந்ததில்லை.

தங்கையின் மகளுக்கு டயாப்பர் கட்டிய இடமெல்லாம் சிவந்து, தொட்டாலே வீறிட்டபோது குணமாக்கியது நான்தான். வெதுவெதுப்பான நீரில் கழுவி, தேய்க்காமல் துணியால் ஒற்றி, கொஞ்ச நேரம் காற்றாட விட வேண்டும். பிறகு கிரீமைத் தடிமனாகப் பூசினால், தோலுக்கும் ஈரத்துக்கும் நடுவே அது சுவர் மாதிரி நிற்கும். சில நாளிலேயே பிள்ளை பழையபடி தவழத் தொடங்கினாள்.

அம்மா பக்கவாதத்தில் விழுந்தபோது தையல்கடை வேலையை விட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. அவளுக்கும் இடுப்புக்குக் கீழே தோல் வெந்துபோனது. அதையும் ஆற்றினேன். வாராவாரம் வந்து பார்க்கும் நர்ஸ் என்னை மெச்சினாள்.

தோல் ஆறியதும் அம்மா சக்கர நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் தங்கையைத்தான் கேட்டாள். அங்கே லிஃப்ட் இருக்கிறது, பேத்தி இருக்கிறாள். மாதக் கடைசியில் கார் கொண்டுவந்து கூட்டிப்போவதாகத் தங்கை சொன்னாள். தூரத்து ஊர். அம்மா அன்றைக்கே பெட்டியை எடுக்கச் சொன்னாள். துணிகளை மடித்து வைத்தவள் நான்.

"நான் போயிட்டா நீ உன் பொழப்பப் பாக்கலாம்ல," என்றாள். வாய் கோணியிருந்தாலும் சிரிப்பது தெரிந்தது.

எனக்கு வேறென்ன பிழைப்பு இருந்தது, மேடம்?

புண் இருக்கும்போது அவளை நெடுநேரம் உட்கார வைக்கக் கூடாது என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தாள். புண் இருந்தால் கார் பயணம் இல்லை. நான் அம்மாவை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. கிரீமை ஒருநாளும் நிறுத்தவில்லை. கழுவுவதை மட்டும் நிறுத்தினேன். அசுத்தத்தின் மேலேயே பூசி, டயாப்பரை இறுகக் கட்டினேன். ஈரத்தை வெளியே நிறுத்தும் சுவர் உள்ளே அடைத்தும் வைக்கும். நர்ஸ் வரும் நாளில் கழுவி வைத்துவிட்டு, என்ன செய்தும் ஆறவில்லையே என்று கையைப் பிசைவேன்.

தங்கை காரை வேண்டாமென்று சொல்லிவிட்டாள். "நீ இல்லேன்னா அம்மா கதி என்னாகும்க்கா," என்று போனில் அழுதாள். அன்று நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

அம்மா முதலில் முனகினாள். பிறகு கழுவிவிடச் சொல்லிக் கெஞ்சினாள். "இதோ மருந்து போடறேம்மா," என்று மேலும் ஒரு கை அள்ளிப் பூசினேன். புண் ஆழமானது, காய்ச்சல் ஏறியது. ஆஸ்பத்திரியில், விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். அந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்த டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மறுநாள் அம்மா போய்விட்டாள்.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இதையும் சேர்த்து எழுதுங்கள். ஆம்புலன்ஸ் வருவதற்கு முன் நான் கிரீமைத் திறந்தபோது, அம்மா நன்றாக இருந்த கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போதும்... விட்டுடும்மா."

அந்த வலியிலும், நான் களைத்துப்போவேனே என்றுதான் அவளுக்குக் கவலை.