நுஸ்ஹாவின் பல்

நுஸ்ஹா: உம்மா, என்ட பல்லு எங்க?

உம்மா: வாயில பாரு.

நுஸ்ஹா: பகிடி விடாதீங்க. அலுமாரிக்குள்ள பஞ்சில சுத்தி வெச்ச பல்லு. கல்லாப்போன பல்லு.

உம்மா: சத்தம் போடாதகா! மாப்பிள்ள வீட்டாக்கள் ஹோலுல சாப்பிடுறாங்க. அக்கரைப்பற்று வரைக்கும் கேக்கும்.

நுஸ்ஹா: கேக்கட்டும். நாளைக்குக் கெம்பசில அதக் காட்டினாத்தான் ஆய்வுக் குழுவுல எனக்கு இடம். இல்லாட்டி அந்த ஹிஷாமுக்குக் குடுத்திருவாங்க. ஒரு கல்லுகூடப் பொறுக்காதவன்!

உம்மா: குடுக்கட்டுமே. அவன் ஆம்புள.

நுஸ்ஹா: இதத்தான் அந்த மாணிக்கக் குழிக்காரனும் சொன்னான். பொம்பிள கிட்ட வந்தா மாணிக்கம் மறைஞ்சிருமாம்! விரட்டிட்டான். அவனுகள் அரிச்சுக் கொட்டின கழிவுக் குவியல்ல, வெயிலுக்க கிடந்து தேடி எடுத்த பல்லும்மா அது...

உம்மா: ஊரெல்லாம் நீ புதையல் தோண்டுறாய் எண்டு கதைக்குது. மையத்தெலும்பு பொறுக்கிற புள்ளய எவன்கா கலியாணம் முடிப்பான்?

நுஸ்ஹா: செத்த மனிசன்ட எலும்பு இல்ல எண்டு எத்தின தரம்... சரி, என்னப் பத்தி அவங்களுக்கு என்ன சொன்னீங்க?

உம்மா: படிச்ச புள்ள எண்டன்.

நுஸ்ஹா: அவ்வளவுதானா? அப்ப அந்த மாமி, மாப்பிள்ளட உம்மா, என்னக் கண்ட நேரத்திலிருந்து ஏன் வாயத் துறந்து துறந்து காட்டுறா?

உம்மா: சிரிக்கிறாகா. நல்ல மனிசி.

நுஸ்ஹா: கடவாப்பல்லு வரைக்குமா?

உம்மா: ...அந்த வட்டிலப்பத்த எடுத்துத் தட்டுல வெய்.

நுஸ்ஹா: சரி, போனாப் போகட்டும். பண்டிப் பல்லுதானே.

உம்மா: என்ன?

நுஸ்ஹா: பண்டி. பழங்காலத்துக் காட்டுப் பண்டி.

உம்மா: அல்லாஹ்வே! எத்தின வருசத்துக்கு முந்தி?

நுஸ்ஹா: எண்பதாயிரம் இரிக்கும்.

உம்மா: அப்ப அதுட அசுத்தம், நஜீஸெல்லாம் போயிரிக்காதா?

நுஸ்ஹா: பண்டிக்கெல்லாம் காலாவதித் திகதி இல்லம்மா. தொட்டிரிந்தா ஏழு தரம் கழுவணும். அதுல ஒரு தரம் மண்ணு கரைச்சு... எங்க ஓடுறீங்க?

உம்மா: கிணத்தடிக்கு!

நுஸ்ஹா: கையத்தானே கழுவணும். அரிசி வாளிய ஏன் தூக்கிட்டு ஓடுறீங்க?

உம்மா: அவங்க கண்டிருவாங்க எண்டு அரிசிக்குள்ள புதைச்சன்கா.

நுஸ்ஹா: வாளி வெறுமையா இரிக்கி.

உம்மா: சமைக்க வந்த பஸ்மிலா முழுக்க அள்ளிக் கழுவி உலையில போட்டுட்டாளே!

நுஸ்ஹா: என்ட பல்லு புரியாணிக்குள்ளயா?

உம்மா: அந்த மனிசி ரெண்டாம் தரமும் அள்ளிப் போட்டா... ஓடிப் போய்ச் சொல்லுகா!

நுஸ்ஹா: என்னெண்டு? மாமி, உங்கட சோத்துக்குள்ள பண்டி இரிக்கி எண்டா?

உம்மா: போச்சு... உன்ட கலியாணம் போச்சு...

நுஸ்ஹா: அழாதீங்க. பண்டி இல்ல, மான். எங்க ஒளிச்சீங்க எண்டு பிடிக்கத்தான் பொய் சொன்னன்.

உம்மா: பெத்த உம்மாக்கிட்டப் பொய்யா? நரகத்துக்குத்தான் போவாய்! ...மான் எண்டா ஹலால்தானே?

நுஸ்ஹா: அறுக்காமச் செத்த மான்.

உம்மா: வாய மூடு! ...அது என்ன சத்தம்?

நுஸ்ஹா: கடக் எண்டிச்சு.

உம்மா: மாமி கத்துறா!

நுஸ்ஹா: ஐயோ, என்ட பல்லு உடைஞ்சிட்டு!

உம்மா: உன்டது கல்லு. உடைஞ்சது அவடதான். நிக்காத, ஓடிப் போய் அவட வாயப் பாரு.

நுஸ்ஹா: நான் என்னத்துக்கு? பல் டொக்டரக் கூப்பிடுங்க.

உம்மா: அந்த மனிசி உன்னத்தான்கா கூப்பிடுறா. நீ பல் டொக்டர் எண்டுதானே நான் சொல்லி வெச்சிரிக்கன்.