ஏழு முதல் எட்டு வரை, மாமனார்

ரவுட்டரை எப்போதும் உயரத்தில்தான் வைக்க வேண்டும், மச்சான். தரையில் வைத்துவிட்டு நெட் வரவில்லை என்று புலம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நம் வீட்டில் அது அலமாரி உச்சியில் இருக்கிறது. என் கம்ப்யூட்டர், உங்கள் தங்கையுடையது, இரண்டு போன்கள், எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் பங்கு போகிறது. உங்கள் போனையும் சேர்க்கத்தான் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். பட்டியலைக் கடைசிவரை படிப்பீர்கள் என்று நினைக்கவில்லை.

ஆபீஸ்களில் நெட் இணைத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. எந்த மெஷினுக்கு எவ்வளவு வேகம் என்று விதி போட்டால், பக்கத்திலேயே காரணத்தையும் எழுதிவைப்பேன். நாளைக்கு இன்னொருவன் வந்து பார்த்தால் குழம்பக் கூடாது. வேண்டாத விதியை அழிக்கவும் மாட்டேன், நிறுத்தி மட்டும் வைப்பேன். தொழில் புத்தி. அதனால்தான் உங்கள் தங்கையின் கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் நேராக ‘ஏழு முதல் எட்டு வரை, மாமனார்’ என்று இருக்கிறது. கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன்.

மாமாவுக்குக் காது போன பிறகு உதட்டைப் பார்த்துத்தானே பேச்சைப் பிடிப்பார்? உதட்டோடு முகத்தையும் படித்துவிடுவார், அதுதான் வம்பு. தினமும் ஏழு மணிக்கு வீடியோ காலில் மகளைக் கூப்பிட்டு, தனக்குக் கேட்காததால் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார் வேறு. ஒரு நாள் அப்படிப் பேசும்போது நான் பக்கத்து அறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

“கன்னம் ஏம்மா வீங்கியிருக்கு? அங்க இருந்தது போதும். அண்ணனை அனுப்பறேன், கிளம்பி வந்துடு.”

“சரிப்பா” என்றாள் இவள்.

வீங்கியிருந்தது உண்மைதான். முந்தின நாள் கை பட்டுவிட்டது. குடும்பம் என்றால் நாலும் இருக்கும். அதற்காக ஒரு மனிதர் திரைக்குள்ளிருந்து கத்தி என் வீட்டைக் கலைப்பதா? எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை.

நான் லைனைத் துண்டிக்கவில்லை. அவ்வளவு ஈரமில்லாதவன் அல்ல. அந்த ஒரு மணி நேரத்துக்கு வேகத்தை மட்டும் குறைத்தேன். குறைத்தால் குரல் தெளிவாகப் போகும், படம் நின்றுவிடும். மாமாவுக்குத் தெரிந்ததெல்லாம் அசையாத ஒரு முகம். அவருக்கு எழுதப் படிக்கவும் வராது. இவள் தொண்டை கிழியக் கத்துவாள். அவர் பாட்டுக்கு, “ஏம்மா பேச மாட்டேங்கறே? நான் என்ன தப்பு சொன்னேன்?” என்பார்.

“என்னங்க, கொஞ்சம் வந்து பாருங்களேன்” என்று என்னைத்தான் கூப்பிடுவாள். நானும் ஸ்டூல் போட்டு ஏறி, ரவுட்டரை அணைத்துப் போடுவேன். ஒரு நாள்கூடச் சலித்துக்கொண்டதில்லை.

எட்டு மணிக்குள் மாமா மாத்திரை போட்டுத் தூங்கிவிடுவார். அதற்குப் பிறகுதான் நீங்கள் வேலை முடிந்து வந்து கூப்பிடுவீர்கள். அப்போது படம் கண்ணாடி மாதிரி வரும். நெட் சரியில்லை என்று அவள் அழுதபோது, “சும்மா சாக்கு சொல்லாத. அப்பாகிட்ட மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு இருக்கிறவளை நான் எதுக்குக் கூட்டிட்டு வரணும்?” என்று கேட்டது நீங்கள். அதை என் கணக்கில் எழுதாதீர்கள்.

கடைசியாக அவர் சொன்னது எனக்கும் கேட்டது. “உனக்கு இஷ்டமில்ல போல. இனிமே தொந்தரவு பண்ணலம்மா.” இவள் திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “அப்பா, பேசிட்டுத்தான்ப்பா இருக்கேன்” என்றாள். அதன் பிறகு அவர் கூப்பிடவில்லை. ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தார். அன்றே விதியை நிறுத்திவிட்டேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். ஆனால் அவளிடம் சொல்வதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். அப்பா தன்மேல் வருத்தத்தோடு போய்விட்டார் என்று தினமும் அழுகிறாள். நான்தான் தேற்றுகிறேன். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவளாக வந்து என் தோளில் சாய்வது இப்போதுதான். அந்த ஒரே ஆறுதலையும் அவளிடமிருந்து பறிக்க உங்களுக்கு மனசு வருமா, மச்சான்?