தொந்தி கரைக்க வந்தவன்

திருகோணமலையில் உடற்பயிற்சி பழக்க ஒரு நல்ல ஆள் கிடைப்பது கஷ்டம், தம்பி யோகலிங்கம். மீன் பிடிக்க ஆள் உண்டு, மேடையில் முழங்க ஆள் உண்டு. ஒரு மனிதனின் வயிற்றைக் குறைக்க ஆள் இல்லை. அதனால்தான் உங்களை வரச் சொன்னனான். கதிரையில் இருங்கள். வேலையைத் தர முதல், உங்களுக்கு முன்னால் இருந்த தவராசாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊரார் கூட்டிக் குறைத்துச் சொல்வதை விட என் வாயால் கேட்பது நல்லது.

தவராசா பக்கத்துச் சல்லிக் கிராமத்துப் பொடியன். பாரம் தூக்குவதில் கெட்டிக்காரன். இரத்தத்தில் கொழுப்பு என்று டொக்டர் பயப்படுத்திய பிறகு நானே தேடிப் பிடித்தேன். விடிந்ததும் பின்பக்கக் கேற் வழியாக வருவான். ஒரேயொரு நிபந்தனை: ஒருவருக்கும் தெரியக் கூடாது. நான் சுகவாழ்வுச் சங்கத்தின் தலைவர். 'கட்டுப்பாடே ஆரோக்கியம்' என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பேசுகிறவன். அப்படிப்பட்டவன் சம்பளத்துக்கு ஆள் வைத்துத் தொந்தி கரைக்கிறான் என்றால் சங்கத்தின் மரியாதை என்னாவது? என் மரியாதையைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

பின்வளவு மணலில் முழங்கையை ஊன்றிக் குப்புறக் கிடக்க வைப்பான். தானும் பக்கத்தில் கிடப்பான்.

"ஐயா, வயித்தை உள்ளுக்கு இழுங்கோ. அது மணலில கிணறு தோண்டுது."

நல்ல பொடியன். அதை நான் மறுக்கவில்லை. சில மாதங்களில் இரண்டு பேரின் முழங்கையும் காய்த்துப்போனது. தொந்தி மட்டும் அசையவில்லை.

அப்போதுதான் இராணுவத்தின் அந்தச் சுற்றிவளைப்பு. எங்கள் பகுதி ஆண்கள் எல்லாரையும் மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். என் வீட்டுக்குப் பழக்க வந்திருந்த தவராசாவும் அகப்பட்டான். சட்டையைக் கழற்றி முழங்கையைக் காட்ட வேண்டும். இயக்கத்தில் ஆயுதப் பயிற்சி எடுத்தவனை அப்படித்தான் கண்டுபிடிப்பார்கள். தரையில் ஊர்ந்து ஊர்ந்து காய்த்திருக்கும் அல்லவா.

என் முறை வந்தது. அதிகாரி என் முழங்கையைத் தடவிப் பார்த்தார். பிறகு தொந்தியைப் பார்த்தார். சிரித்துவிட்டுச் சட்டையைப் போடச் சொன்னார். எதைத் தொலைக்க அவ்வளவு பாடுபட்டேனோ, அதுதான் என்னைக் காப்பாற்றியது.

அடுத்தது தவராசா. அவனுக்குத் தொந்தி இல்லை.

"சேர், நான் இயக்கமில்லை," என்றான். "இந்த ஐயாவுக்கு வண்டி வயித்தைக் குறைக்கப் பழக்குறனான். என்ன செய்தும் குறையுதில்லை. அவரிட்டயே கேளுங்கோ."

வரிசை முழுக்கச் சிரித்தது. கடைக்கார ஜவாஹிர் கண்ணீரைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "தலைவரே, கட்டுப்பாடு எண்டது இதுதானோ?" என்று பின்னால் ஒரு குரல்.

அதிகாரிக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். என் பக்கம் திரும்பி, மரியாதையாகத்தான் கேட்டார்: "ஐயா, இவரைத் தெரியுமா?"

ஓம் என்றால் போதும். அது எனக்குத் தெரியும். என்னை ஏற்கெனவே விட்டுவிட்டார்கள், எனக்கு ஒரு ஆபத்தும் இல்லை என்பதும் தெரியும்.

"நான் இவரைக் கண்டதே இல்லை," என்றேன்.

தவராசா "ஐயா" என்று மட்டும் சொன்னான். பிறகு ட்ரக்கில் ஏற்றினார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. அன்றைக்குப் பிறகு அவனைக் கண்டவர்கள் இல்லை.

அவன் மனைவி குணேஸ்வரி வந்தாள். "நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம் ஐயா," என்றாள். நான் கோபிக்கவில்லை. முகாம்களுக்குக் கொடுக்க மனு எழுதிக் கொடுத்தேன். ஒரு சொல் என்ன, இரண்டு பக்கம். அவனை எனக்குத் தெரியும் என்று மட்டும் எழுதவில்லை. முன்னுக்குப் பின் முரணாகிவிடும்.

சங்கத்தில் என்னை ஏகமனதாக மறுபடியும் தலைவராக்கினார்கள். என் தொந்தியைப் பற்றி இந்த ஊரில் இப்போது ஒருவரும் கதைப்பதில்லை. ஜவாஹிர் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார். கட்டுப்பாடு என்று நான் இவ்வளவு காலமும் சொன்னது இதைத்தான்.

சரி, வேலை உங்களுக்குத்தான். நாளைக்கு விடிந்ததும் பின் கேற்றால் வாருங்கள். ஒருவருக்கும் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். நான் ஒருவரையும் காட்டிக்கொடுத்தவன் இல்லை, தம்பி.

பிறகேன் சட்டைக் கையை இழுத்து இழுத்து முழங்கையை மூடுகிறீர்கள்?