நிலவறைக்குள் இறங்கினவன்

சிவப்பு வைனை ஃப்ரிட்ஜிலை வைக்கக் கூடாது எண்டு சனம் சொல்லுறது எல்லா வைனுக்கும் சரிவராது. இத்தாலியிலை எட்னா எரிமலையிலை, நல்ல உயரத்திலை விளையிற நெரெல்லோவைக் கொஞ்சம் குளிரவைச்சுக் குடிச்சால்தான் அதின்ரை ருசி தெரியும். லண்டன் கோலியர்ஸ் வுட்டிலை என்ரை வைன் கடைக்கு வாற ஆக்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லியே நான் நல்ல பேர் எடுத்தனான்.

இந்தப் பொலிஸ் ஒஃபிசருக்கு ஆறுதலா மொழிபெயர்த்துச் சொல்லுங்கோ, பிள்ளை. எனக்கு அவசரமில்லை. உங்கடை இந்தியாத் தமிழ் எனக்கு விளங்குது. நான் முந்திரிகை எண்டு சொல்லுறது நீங்கள் சொல்லுற திராட்சையை. நெரெல்லோ அந்த மலைக்கே சொந்தமான கறுத்த முந்திரிகை. எரிமலைச் சாம்பல் மண், கறுப்புக் கல்லு அடுக்கிக் கட்டின தட்டுத் தட்டான தோட்டம், பகலிலை வெயில், பின்னேரமெண்டால் ஜக்கெட் இல்லாமல் நிக்கேலாது. வடிவான இடம். ஒருக்கால் போய்ப் பாருங்கோ.

லண்டனுக்கு வர முந்தி நாங்கள் பலெர்மோவிலை இருந்தனாங்கள். நான் ஒரு வக்கீல் வீட்டிலை சமையலும் துப்புரவும். என்ரை தம்பி பிரதாபனுக்கு இன்னொருத்தன்ரை வீட்டுக்குள்ளை நிண்டு வேலை செய்ய விருப்பமில்லை. முந்திரிகை வெட்டுற காலத்திலை மலைக்குப் போயிடுவான். அவனோடை போறவன் அவன்ரை சிநேகிதன் சுபாஸ்கரன். ரெண்டு பேருக்கும் ஒரே அறை, ஒரே சட்டி.

அந்தத் தோட்டத்திலை பழைய நிலவறை ஒண்டு இருக்கு. முந்திரிகைச் சாறு தொட்டியிலை நொதிக்கேக்கை ஒரு வாயு வரும். நிறமும் இல்லை, வாசமும் இல்லை. காத்தை விடப் பாரம் எண்டபடியாலை கீழை தங்கிடும். ஃபேன் போட்டு அதை வெளியேத்தாமல் இறங்கினால் ரெண்டு மூச்சிலை ஆள் விழுந்திடும். ஆரும் விழுந்தால் பின்னாலை இறங்காதேங்கோ, ஆக்களைக் கூப்பிடுங்கோ எண்டு அங்கை எல்லாருக்கும் சொல்லி வைச்சிருந்தவை.

தம்பி இறங்கின அண்டைக்கு ஃபேன் பழுது. அது அவனுக்குத் தெரியாது. வாசல்லை நிண்ட சுபாஸ்கரன் அவன் விழுந்ததைக் கண்டவன். இறங்கேல்லை. ஆக்களைக் கூப்பிட ஓடினவன். அவையள் வந்து தூக்கேக்கை எல்லாம் முடிஞ்சுது.

செத்தவீட்டிலை சுபாஸ்கரன் என்ரை காலைப் பிடிச்சான். "கால் வரேல்லை அண்ணை. ரெண்டு படி இறங்கினனான். அதுக்குப் பிறகு கால் வரேல்லை."

நான் அவனைத் தூக்கிக் கட்டிப்பிடிச்சனான். "நீ என்னடா செய்யேலும்? நீயும் இறங்கியிருந்தால் இஞ்சை ரெண்டு பெட்டியெல்லோ" எண்டனான். பாத்த சனம் அழுதுது. நான் சொன்னது நியாயம். இண்டைக்கும் அது நியாயம்தான். எனக்குள்ளை கிடந்தது வேறை, அவ்வளவுதான்.

பிறகு எல்லாரும் இத்தாலிப் பாஸ்போட்டோடை லண்டன் வந்து சேர்ந்தம். சுபாஸ்கரன் எட்மண்டனிலை சாப்பாட்டுக் கடை போட்டான். தாரகாவைக் கலியாணம் முடிச்சான். அவன்ரை மகள் மிதுஷா என்னைப் பெரியப்பா எண்டுதான் கூப்பிடுவாள். ஒவ்வொரு வருசமும் தம்பியின்ரை திவசத்துக்கு அவன் தன்ரை கையாலை சமைச்சு, சட்டி சட்டியாய்க் காரிலை ஏத்திக்கொண்டு வருவான். கைப்பக்குவம் உள்ளவன். நான் கேட்டு வாங்கிச் சாப்பிடுவன். எனக்கு முன்னாலை இருந்து அவன் சாப்பிடேக்கை, என்ரை தம்பியின்ரை பங்கை ஆரோ தின்னுற மாதிரி இருக்கும். நான் சிரிச்சுக்கொண்டு இன்னும் கொஞ்சம் போட்டுவிடுவன்.

அந்தத் தோட்டம் கை மாறி, றொசாரியா எண்ட மனிசி வாங்கியிருக்கிறா எண்டு கேள்விப்பட்டு அவவின்ரை வைனை என்ரை கடைக்கு எடுக்கத் தொடங்கினன். முந்திரிகை வெட்டுற காலத்திலை வருசா வருசம் போவன். தம்பியின்ரை கதையைச் சொன்ன அண்டைக்கு அந்த மனிசி அழுதா. பழைய நிலவறையிலை இன்னும் ஒரு தொட்டி வைன் போடுறவ. அந்த இடத்திலை கொஞ்ச நேரம் தனிய இருக்கோணும் எண்டு கேட்டன். பூட்டின்ரை திறப்பை என்ரை கையிலை தந்தா. அழுகிறதுக்குத் தனிமை கேட்டால் ஆரும் மாட்டன் எண்டு சொல்லமாட்டினம்.

உள்ளுக்குள்ளை, தொட்டிக்கு மேலை உயரத்திலை ஒரு மரப் பரண் இருக்கு. முந்திரிகையைக் கொண்டுவந்து கொட்டுற இடம். அதுக்கு வெளிப்பக்கத்தாலை ஒரு சின்னக் கதவும் ஒரு யன்னலும் இருக்கு. யன்னலைத் திறந்துபோட்டு அங்கை இருந்தால் ஆளுக்கு ஒண்டும் செய்யாது. முதல் வருசமே இருந்து பாத்தனான்.

போன வருசம் சுபாஸ்கரனுக்கு ஃபோன் எடுத்தன். "ஒருக்கால் என்னோடை வா சுபா. அவன் விழுந்த இடத்திலை ரெண்டு பேருமாய்ப் பூப்போடுவம்."

எந்தத் திகதி எண்டு கேட்டான். பிறகு, "வாறன் அண்ணை" எண்டான்.

ஒக்டோபர் கடைசி. கொடியிலை இலையெல்லாம் சிவந்து கிடந்தது. றொசாரியா மத்தியானம் முற்றத்திலை மேசை போட்டுச் சாப்பாடு தந்தா. சுபாஸ்கரன் குடிக்கிறதில்லை. அண்டைக்கு ஒரு கிளாஸ் எடுத்தான்.

"எத்தினை கூடை வெட்டியிருப்பன். இதின்ரை ருசி இண்டைக்குத்தான் தெரியுது அண்ணை" எண்டான். பிறகு கிளாசைப் பாத்துக்கொண்டே சொன்னான்: "அண்டைக்கு நான் இறங்கியிருக்கோணும்."

"விடடா."

"கனவிலை ஒவ்வொரு தரமும் இறங்கிறனான். முழிச்சால்தான் வாசல்லை நிக்கிறன்."

நான் அவன்ரை தோளிலை தட்டினன். உண்மையைச் சொல்லுறன், அந்த நேரம் எனக்கு அவனிலை ஒரு கோவமும் இருக்கேல்லை. நாள் குறிச்ச காரியம், செய்து முடிக்கோணும் எண்ட மாதிரித்தான் இருந்தது.

காலமையே ஃபேனின்ரை பியூஸைக் கழட்டியிட்டன். வாயு கூடினால் சத்தம் போடுற கருவியையும் நிப்பாட்டினன். சாப்பிட்ட பிறகு, "நான் முதல் போய்க் கொஞ்சம் கும்பிடுறன், நீ பூவோடை ஆறுதலா வா" எண்டு சொல்லிப்போட்டுப் போனன். பரணிலை ஏறி யன்னலைத் திறந்தன். என்ரை ஜக்கெட்டையும் தொப்பியையும் கீழை தொட்டிக்குப் பக்கத்திலை விழுத்தினன். இருட்டுக்குள்ளை பாத்தால் ஒரு ஆள் கிடக்கிற மாதிரித்தான் இருக்கும். அவன் வாசலுக்குக் கிட்ட வாற சத்தம் கேட்டது. நான் கீழை குனிஞ்சு கூப்பிட்டன்; கல்லுச் சுவரிலை பட்டுக் கீழையிருந்து வாற மாதிரித்தான் கேக்கும்.

"சுபா, விழுந்திட்டன். மூச்செடுக்கேலாமல் கிடக்கு."

இதை ஒஃபிசருக்கு வடிவாச் சொல்லுங்கோ. நான் அவனுக்கு வழி அடைக்கேல்லை. கதவு திறந்துதான் கிடந்தது. பழையபடி ஓடியிருக்கலாம். ஓடியிருந்தால் நான் கீழை வந்து அவனோடை சேர்ந்து பூப்போட்டிருப்பன். அவன் ஆரெண்டு எனக்குத் தெரிஞ்சிருக்கும், அதோடை விட்டிருப்பன்.

அவன் ஓடேல்லை. ஃபேன் சுவிச்சைப் போட்டுப் பாத்தான். வேலை செய்யேல்லை. வாசல்லை நிண்டு றொசாரியாவின்ரை பேரைச் சொல்லி ஒருக்கால் பெரிசாக் கத்தினான். பிறகு சால்வையாலை மூக்கையும் வாயையும் கட்டினான். அதாலை பிரயோசனமில்லை எண்டு அவனுக்குத் தெரியும்.

"பயப்பிடாதேங்கோ அண்ணை. வாறன்."

படியாலை ஓடி இறங்கினான். என்னைத் தூக்கிறதுக்கு எண்டு குனிஞ்சு ஜக்கெட்டுக்கு அடியிலை ரெண்டு கையையும் குடுத்தான். அது வெறுமையாய்க் கையோடை வந்தது. அவன் மேலை பாத்தான். நான் யன்னல் வெளிச்சத்திலை இருந்தனான், என்னைக் கண்டவன். அவன்ரை முகத்திலை கோவம் வரும் எண்டு காத்திருந்தன். வரேல்லை. நான் சாகேல்லை எண்டு கண்ட ஆறுதல்தான் தெரிஞ்சது. எனக்கு அது பிடிக்கேல்லை. பிறகு அவன்ரை முழங்கால் மடிஞ்சுது.

நான் தேவையான நேரம் இருந்தனான். பிறகு வெளிப்பக்கத்தாலை இறங்கி, பியூஸைத் திருப்பிப் போட்டு, கருவியையும் சரியாக்கிப்போட்டு, கத்திக்கொண்டு ஓடினன். நான் உயிரோடை நிக்கிறதுக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. அவன் என்னைப் படியிலை இழுத்து விட்டுட்டுக் கால் தடக்கிப் பின்னாலை விழுந்திட்டான் எண்டு சொன்னன். ஃபேன் இடையிலை நிண்டுபோச்சு எண்டும் சொன்னன். இத்தாலிப் பொலிஸ் எழுதிக்கொண்டு போச்சு. றொசாரியா அந்த நிலவறையைப் பூட்டிப்போட்டா.

அந்தக் கதைதான் எனக்குப் பிழையாய் முடிஞ்சுது.

அவன் செத்து முப்பத்தோராம் நாள் எட்மண்டனிலை ஒரு ஹோலிலை சாப்பாடு. தாரகா என்ரை ரெண்டு கையையும் பிடிச்சு, "அவருக்கு இப்பதான் அண்ணை நிம்மதி வந்திருக்கும். இந்த முறை இறங்கினவரெல்லே" எண்டு அழுதா. மிதுஷா என்ரை நெஞ்சிலை சாய்ஞ்சுகொண்டு, அப்பா தந்த உயிரைக் கவனமாப் பாருங்கோ பெரியப்பா எண்டாள். ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போனால் அங்கையும் தெரியாத சனம் வந்து என்னைத் தொட்டுப் பாக்குது. உயிர் குடுத்து உயிர் காத்தவர் எண்டு போட்டு அவன்ரை பெரிய படம் ஒண்டு அடிச்சிருக்கினம். வாற ஞாயிற்றுக்கிழமை ஒரு விழா. திரையை நான்தான் விலக்கோணுமாம்.

என்ரை தம்பிக்கு ஆரும் படம் வைக்கேல்லை, பிள்ளை. கவனமில்லாமல் இறங்கினவன் எண்டுதான் சொன்னவை.

நான் மனச்சாட்சி உறுத்தி வந்தனான் எண்டு இந்த ஒஃபிசர் நினைக்கிறார் போலை. அப்பிடியில்லை எண்டு சொல்லுங்கோ. செய்ததுக்கு எனக்குக் கவலை இல்லை. அவனுக்குச் சேரக் கூடாத பேர் ஒண்டு அவனுக்குச் சேருது. அதை நிப்பாட்டத்தான் வந்தனான்.

ஏன் பிள்ளை மொழிபெயர்க்கிறதை நிப்பாட்டியிட்டியள்? தண்ணி குடிச்சிட்டுச் சொல்லுங்கோ. நான் இருக்கிறன்.

ஒண்டை மட்டும் பிழையில்லாமல் எழுதச் சொல்லுங்கோ. அவன் ஆரையும் காப்பாத்தேல்லை. நான் திறந்த யன்னலுக்குப் பக்கத்திலை சுகமாய் இருந்தனான். எனக்கு அங்கை ஒரு ஆபத்தும் இருக்கேல்லை. அவனுக்கு அது தெரியாது. நான் சாகப்போறன் எண்டு நம்பித்தான் இறங்கினவன்.