புது இயங்குதளத்தையும் எங்களையும் பொறுத்துக்கொண்ட புகார்ப் பிரிவு அக்காவுக்கு

குரல் கேட்டே தெருவைச் சொல்லும் கூர்மதியே! குடிநீர் வரவில்லை என்று கொதித்து அழைத்தோரையும் குளிர வைத்த குணக்குன்றே! முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வலுவலகத்தின் புகார்ப் பிரிவில் பொறுமையே உருவாய், பொறுப்பே உயிராய் வீற்றிருந்த பெருந்தகையே! எங்கள் அன்பு அக்காவே! தங்களுக்கு எங்கள் பணிவார்ந்த வணக்கம்.

குணக்குன்று என்று எழுதும்போதே கை கூசுகிறது. ஓய்வு பெறும் எல்லாருக்கும் நாங்கள் இதே குன்றைத்தான் தூக்கிக் கொடுத்து வருகிறோம். சென்ற ஆண்டு விடைபெற்ற ஓட்டுநருக்கும் இதைத்தான் கொடுத்தோம். அவர் வாங்கிக்கொண்டு எங்களை ஒரு பார்வை பார்த்தார். ஆகவே இம்முறை புகழுரையை இத்துடன் நிறுத்திவிட்டு, நடந்ததைத் தங்கள் முன்னிலையிலேயே படித்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம்.

பிறவியிலேயே பார்வையற்ற தாங்கள் பணியாற்றும் அழகைப் புதிதாக வருவோருக்கு விளக்குவதில் எங்களுக்கு ஒரு தனிப் பெருமை. இடக் காதில் புகார் சொல்பவர். வலக் காதில், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள். அது படிக்கும் வேகத்தில் எங்களுக்கு ஏதோ வண்டு ரீங்கரிப்பது போலத்தான் கேட்கும். தாங்களோ ஒவ்வொரு சொல்லையும் பிடித்துவிடுவீர்கள். சுட்டியைத் தொடாமல், விரல்களாலேயே விசைப்பலகையில் வழி கண்டு, அழைத்தவர் திட்டி முடிப்பதற்குள் புகாரைப் பதிந்து, குழாய் பழுது பார்ப்பவரின் கைபேசிக்கும் அனுப்பியிருப்பீர்கள். சில சமயம் தண்ணீர் வந்த பிறகும் அவர்கள் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

சென்ற ஆண்டு தலைமையகம் எல்லாக் கணினிகளிலும் புது இயங்குதளத்தை நிறுவியது. எங்களுக்கு நிறம் மாறியது, படங்கள் இடம் மாறின. ஒரு வாரம் முணுமுணுத்துவிட்டுப் பழகிக்கொண்டோம். தங்களுக்கு உலகமே மாறிவிட்டது. பழகிய விசைகள் பழகாத இடங்களைத் திறந்தன. கேட்டுப் பழகிய குரல் போய் வேறொரு குரல் வந்தது. போதாக்குறைக்கு, புதிய புகார்ச் செயலியைச் செய்தவர்கள் பொத்தான்களுக்குப் பெயர் எழுதாமல் விட்டுவிட்டார்கள். பதிவு செய்வதற்கும் 'பட்டன்', ரத்து செய்வதற்கும் 'பட்டன்', பழுது பார்ப்பவருக்கு அனுப்புவதற்கும் 'பட்டன்' என்றே அக்குரல் சொன்னது. தாங்கள் தடுமாறிய ஒரு நாளில் ஓர் அம்மாள், "ஏம்மா, வேலைக்குப் புதுசா?" என்று கேட்டார். ஹெட்போனைத் தாண்டி எங்கள் காதிலும் அது விழுந்தது. தங்கள் முகம் சிவந்ததைப் பார்த்தோம்.

அப்போதுதான் எங்கள் கருணை பொங்கியது. மேற்பார்வையாளர் வந்து, "ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச மாசம்தானேக்கா, இந்தத் தலைவலி உங்களுக்கு எதுக்கு? காலெல்லாம் நாங்க பாத்துக்கிறோம், நீங்க நிம்மதியா உக்காருங்க" என்றார். நாங்கள் எல்லோரும் ஆமாம் போட்டோம். தங்கள் மேசைத் தொலைபேசி இணைப்பை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டோம். வேளாவேளைக்குத் தேநீர் வைத்தோம். இது மரியாதை என்று மனதார நம்பினோம்.

தாங்கள் நிம்மதியாக உட்காரவில்லை. ஊமையாகிப்போன தொலைபேசியின் பக்கத்தில் அமர்ந்து, நாள்தோறும் உணவு இடைவேளையில் அந்த இயங்குதளத்தை அடிப்படையிலிருந்து கற்றீர்கள். தங்களுக்குத் திரை தேவையில்லை என்பதால் அதை இருட்டாக்கி வைப்பது வழக்கம். ஒரு நாள் தாங்கள் கை கழுவப் போயிருந்தபோது, கணக்குப் பிரிவு அண்ணன் கருந்திரையைப் பார்த்து, கணினி அணைந்துவிட்டது என்று நினைத்தார். உதவுகிறேன் பேர்வழி என்று சுட்டியை அசைத்து, அங்குமிங்கும் சொடுக்கிப் பார்த்து, சரிவரவில்லை என்று சாப்பிடப் போய்விட்டார். இருட்டுக்குள் அவர் சொடுக்கியது அலுவலகம் முழுவதற்குமான குழுச் செய்திப் பெட்டியை. அதைச் சொன்ன கணினிக் குரல் மேசைமேல் கிடந்த ஹெட்போனுக்குள்ளேயே அடங்கிப்போனது. திரும்பி வந்த தாங்கள், குறிப்பெழுதி விட்டுச்சென்ற நோட்பேடில்தான் இருக்கிறோம் என்ற நம்பிக்கையில் பயிற்சியைத் தொடர்ந்தீர்கள். நோட்பேடில் எண்டர் தட்டினால் அடுத்த வரி வரும். குழுவில் எண்டர் தட்டினால் எல்லோருக்கும் போய்விடும்.

சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்து வைத்திருந்த எங்கள் முன்னே, ஒவ்வொரு திரையிலும் தங்கள் வரிகள் வந்து விழுந்தன.

"டேப் நாலு தடவை, அப்புறம் ஸ்பேஸ். இல்ல, அஞ்சு தடவையா?"

"நேத்து தெரிஞ்சது இன்னைக்கு மறந்துபோச்சு. வெட்கமா இருக்கு."

"சூப்பர்வைசர் நடந்து வர்ற சத்தம் கேட்டா கீபோர்டைச் சும்மா தட்டுறேன். வேலை இருக்கிற மாதிரி."

"ராத்திரி தங்கச்சி கேக்குறா, இன்னைக்கு எத்தனை கால் வந்துச்சுன்னு. பொய் சொல்றேன்."

"இங்க எல்லாரும் ரொம்ப நல்லவங்க. டீ குடுக்குறாங்க. வேலைதான் குடுக்க மாட்டேங்குறாங்க."

அக்கா, தங்கள் மேசைக்கும் எங்களுக்கும் இடையே ஒரு சுவர்கூட இல்லை. எழுந்து வந்து, "அக்கா, இது குரூப்புக்கு வருது" என்று சொல்ல ஒரு நொடி போதும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவர் போவார் என்று இவரும், இவர் போவார் என்று அவரும் இருந்தோம். கடைசியில் சொன்னவர் அறையிலேயே இல்லாத நீரேற்று நிலைய இயக்குபவர். எந்தச் செய்திக்கும் பதில் போட்டே பழகியவர், பழக்கதோஷத்தில், "நன்றி மேடம், நோட் பண்ணிக்கிட்டேன்" என்று அனுப்பினார். தங்கள் வலக் காதில் அதைக் கணினி படித்தது.

தாங்கள் தட்டுவதை நிறுத்தினீர்கள். மெல்ல ஹெட்போனைக் கழற்றி, எங்கள் பக்கம் திரும்பி, "இங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டீர்கள்.

நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். யாரும் இல்லை என்று தாங்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று, இருந்துகொண்டே இல்லாதவர்கள் ஆனோம். யாரோ ஒருவர் கையிலிருந்து டப்பா மூடி நழுவித் தரையில் விழுந்து, சுழன்று சுழன்று அடங்கியது. தாங்கள் அந்தச் சத்தம் ஓயும் வரை கேட்டிருந்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனீர்கள். அன்று நாங்கள் சாப்பிட்டது செரிக்கவில்லை, இன்றுவரை செரிக்கவில்லை.

மறுநாள் முதல் விடுப்பு எடுத்து, அது முடிந்து வந்த தாங்கள், நடுக்கூடத்தில் நின்று, "மன்னிச்சிடுங்க, ஆபீஸ் குரூப்ல சொந்த விஷயம் எழுதிட்டேன்" என்றீர்கள். எங்களைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்போம். மேற்பார்வையாளர்தான், "நாங்க என்னக்கா செய்யணும்?" என்று கேட்டார்.

"லைனை என் டேபிளுக்கே திருப்பி விடுங்க. தப்பு பண்ணா வாயைத் திறந்து சொல்லுங்க. பேசாம மட்டும் இருக்காதீங்க."

அதன்பின் தாங்கள் தப்பும் செய்தீர்கள்; மடலுக்காக மறைக்க மாட்டோம். ரத்தாகக் கூடாத புகார்கள் ரத்தாயின. கிழக்கே போக வேண்டிய குழாய் ஆள் மேற்கே போய்ப் பள்ளம் தோண்டிவிட்டு வந்தார். நாங்கள் வாய் திறந்து சொன்னோம், தாங்கள் திருத்திக்கொண்டீர்கள். வேலைக்குப் புதுசா என்று கேட்டவர்களிடம், "ஆமாங்க, சிஸ்டத்துக்குப் புதுசுதான். ஆனா உங்க தெருமுனை வால்வு சிக்கிக்கும்னு தெரியும், ஆளை அனுப்புறேன்" என்று சிரித்தபடியே சொல்லத் தொடங்கினீர்கள். மழைக்காலம் வருவதற்குள் அந்த வண்டு பழைய வேகத்தில் ரீங்கரித்தது. பொத்தான்களுக்குப் பெயர் வைக்கச் சொல்லித் தலைமையகத்தை நாங்கள் கேட்டபடியே இருக்கிறோம். தாங்கள் விடைபெறும் இந்நாள் வரை அவை வெறும் 'பட்டன்'களாகவே இருப்பதும் எங்கள் தலைகுனிவே.

பல்லாண்டு நோயின்றி, நோவின்றி, நித்தமும் தங்கையிடம் உண்மை சொல்லும் நிறைவோடு வாழ்க! மாலை நடையும் மனம் நிறைந்த உறக்கமும் வாய்க்க! கண்ணாடிச் சட்டமிட்ட இம்மடல் தங்கள் வீட்டுக்கு வருவோர் பார்க்க. தாங்கள் கேட்க, தங்கள் கணினியிலும் வைத்திருக்கிறோம்.

இத்துடன் முடித்திருப்போம். ஆனால் இன்று காலை எங்கள் எல்லாத் திரைகளிலும் தங்கள் செய்தி ஒன்று வந்தது: "இது குரூப்னு தெரிஞ்சேதான் எழுதுறேன். எனக்கு வெட்கம் போயிடுச்சு. நீங்களும் விட்டுடுங்க."

இனி 'தாங்கள்' வேண்டாம் அக்கா, வீட்டு மனிதரிடம் சொல்வது போலவே சொல்கிறோம். நீங்கள் கேட்டு நாங்கள் மறுக்கும் கடைசிக் காரியம் இது. எங்கள் வெட்கம் எங்களிடமே இருக்கட்டும். இன்னொருவர் இந்த அறையில் எங்கள் பக்கம் திரும்பி, யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கும்போது, எங்கள் வாயைத் திறக்க அது வேண்டியிருக்கும்.

இங்கேதான் இருக்கிறோம், அக்கா.

புகார்ப் பிரிவுப் பணியாளர்கள் அனைவரும்