மாட்டுக்கு ஊத்துன கஞ்சி

காப்பி ஆறிப் போகுது, குடிங்க டாக்டரம்மா. நம்ம மாட்டுப் பாலுதான். சீனி கம்மியாத்தான் போட்டிருக்கேன். போன தடவ அதிகமாப் போட்டுட்டேன்னு நீங்க முகத்தச் சுளிச்சது எனக்கு ஞாபகம் இருக்கு.

கன்னுக்குப் பூச்சி மருந்து ஊத்தியாச்சு. வண்டிச் சாவியக் கையில எடுத்தவுக, சிரிச்சிக்கிட்டே ஒன்னு கேட்டீக. "ஏம்மா, அத்தன ஊசி போட்டும் சினை பிடிக்காத மாடு, கடைசியில ஒரே ஊசியில எப்படிப் பிடிச்சுச்சு? அப்படி என்னத்தக் கொடுத்தீக?"

நீங்க சும்மாத்தான் கேட்டீக. ஆனாலும் கேக்குறதுக்கு ஒரு ஆளாவது வந்தாகளேன்னு இருந்துச்சு எனக்கு. உக்காருங்க. அங்கன வேணாம், வெயிலு அடிக்குது, இந்தப் பக்கம் வாங்க. நான் நின்னுக்கிடுறேன். உக்காந்தா எனக்குக் கால் உளையுது. இப்பல்லாம் ஒரு இடத்துல இருப்புக் கொள்ள மாட்டேங்குது.

என்னத்தக் கொடுத்தேன்னு கேட்டா நான் என்ன சொல்ல? ஒன்னுமே புதுசாக் கொடுக்கல. ஊத்திக்கிட்டு இருந்தத நிறுத்துனேன், அம்புட்டுத்தான்.

மாடு என்னோடது இல்ல, ஒங்களுக்குத் தெரியும். என் மருமக வேலுத்தாயோடது. அவ அய்யா பெத்தணன், பேத்தி பானுப்பிரியா பள்ளிக்கூடம் சேர்ந்த வருசம், கலப்பினக் கிடேரியா ஓட்டியாந்து இந்த முளையில கட்டுனாரு. "எம்மக எத்தன காலத்துக்கு மருந்துல கைய வைப்பா? இது பாலுக்கு வந்துட்டா வீட்டோட இருக்கட்டும்"னாரு. வேலுத்தாய்க்குப் பட்டாசுக் கம்பெனியில மருந்து செலுத்துற வேலை. எம்புட்டுத் தேச்சுக் கழுவுனாலும் கையில அந்த வெள்ளை மினுமினுப்புப் போகாது. சோத்தப் பிசைஞ்சா சோறும் மினுங்கும்.

மாடு கன்னு போட்டதும் கம்பெனிய விடணும், பால சொசைட்டிக்கு ஊத்தணும், திருத்தங்கல்ல வீடு பாத்துப் போகணும். இதான் அவ கணக்கு. எம்மவன் ஊர்க்காவலனுக்கு அங்கன பிரஸ்ல வேலை, தினம் பஸ்ஸுக்கு நிக்க வேண்டாம். பிள்ளைக்கும் பள்ளிக்கூடம் பக்கம். என்னைய விட்டுட்டுப் போறதாச் சொல்லல. அதையும் சொல்லிரணும்ல.

"பின்னால எடம் கெடக்கு அத்த. மாட்டுக்கு ஒரு கொட்டகை போட்டுருவோம், ஒங்களுக்கு ஒரு கட்டில் போட்டுருவோம்"னு சொன்னா.

மாட்டுக்குக் கொட்டகை, எனக்குக் கட்டிலு. ஒரே மூச்சுல சொன்னா. அவ தப்பா நெனச்சுச் சொல்லல, நல்ல பிள்ள. ஆனா நீங்களே சொல்லுங்க, அந்த வீட்டு அடுப்பு யாரு அடுப்பு? இந்த வீட்டுல உப்பு எங்கன இருக்கு, புளி எங்கன இருக்குன்னு அவ என்னையத்தான் கேக்கணும். அங்கன போனா நான் அவளக் கேக்கணும்.

இருங்க, கன்னு கயித்தச் சுத்திக்கிட்டு நிக்குது. அவுத்து விட்டுட்டு வாரேன்.

எங்க விட்டேன்? ஆமா, கஞ்சி. மொதல்ல நான் கெட்ட எண்ணத்துல ஊத்தல. எல்லாரும் காலையில கம்பெனி வேனு, பஸ்ஸுன்னு ஏறிப் போயிருவாக, மாடும் நானுந்தான் வீட்டுல. ரேஷன் அரிசியக் குழைய வேகவச்சு வாளி வாளியா ஊத்துவேன். அது தலைய ஆட்டி ஆட்டிக் குடிக்கும். பாக்கவே நல்லா இருக்கும். ஊசி நிக்கல, நிக்கலைன்னு வேலுத்தாய்தான் ஒங்களக் கூட்டியாந்தா. நீங்க தொட்டியப் பாத்ததும் என்னைய வைஞ்சீக.

"இம்புட்டுச் சோத்தக் கொட்டுனா வயித்துல புளிச்சுப் போகும்மா. மாடு கொழுத்துப் போச்சு பாருங்க, கொழுத்த மாடு எப்படிச் சினை பிடிக்கும்? சோத்த நிறுத்துங்க. பச்சப்புல்லு போடுங்க. இந்தத் தாது உப்பத் தினம் தீவனத்துல கலந்து வைங்க."

வேலுத்தாய் எனக்காகப் பரிஞ்சு பேசுனா. "அத்தைக்குத் தெரியாது டாக்டர், பாசத்துல ஊத்திட்டாக"ன்னா.

அதுவரைக்கும் நெசமாவே தெரியாதுதான். நீங்க சொல்லித்தான் தெரிஞ்சுச்சு. ஒன்னு விடாம மனசுல வாங்கிக்கிட்டேன். நீங்க போனப்பறம் மாட்டப் பாத்துக்கிட்டே நின்னேன். திருத்தங்கல் வீட்டுச் சாவி இதோட வயித்துல இருக்கு, அந்த வயிறு என் வாளியில இருக்குன்னு தோணுச்சு.

மறுநாள் அவ வேனேறுறதுக்கு முன்ன புல்லறுத்துப் போட்டா, "அத்த, உப்ப மறந்துராதீக"ன்னு சொல்லிட்டுப் போனா. வேனு விஸ்வநத்தம் ரோட்டுல திரும்புற வரைக்கும் பொறுத்திருந்தேன். அப்பறம் கஞ்சிக்கு ஒலைய வச்சேன். புல்லப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டேன். தாது உப்ப அந்தா நிக்குதுல்ல முருங்கை, அது தூருல கொட்டுனேன். என்ன காய்ப்புங்கிறீக, அந்த வருசம். அதுல சாம்பார் வச்சு வேலுத்தாய்க்குத்தான் மொதல்ல ஊத்துனேன். "காயி நல்லா சதப்பத்தா இருக்கு அத்த"ன்னு சாப்பிட்டா.

பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாளுக்கு வாயி சும்மா இருக்காது. "ஏக்கா, மாட்ட மாப்பிள்ளை கணக்கா பளபளன்னு வச்சிருக்க. மருமகளப் பாரு, காத்தடிச்சா விழுந்துருவா போல. வாளிய மாத்தி வைக்கியா?"ன்னு கேட்டா. வேலுத்தாய் விழுந்து விழுந்து சிரிச்சா. நானும் சிரிச்சேன்.

ஊசிக்கு மேல ஊசி. திரும்பத் திரும்ப மாடு பருவத்துக்குக் கத்தும், நீங்க வருவீக, போடுவீக, நிக்காது. ஒரு தடவ வேலுத்தாய் மாட்டுக் கழுத்தக் கட்டிக்கிட்டு அழுதா. அப்பறம் மூஞ்சியக் கழுவிட்டு வந்து, "சரி அத்த, இன்னொரு சீசன் போறேன்"னா. நான் அவ தலையில எண்ணெய வச்சுத் தேச்சுவிட்டேன். கம்பெனிக்குப் போன்னு நான் அவளச் சொன்னதில்ல. ஒரு நாள் கூடச் சொன்னதில்ல. அது மட்டும் நீங்க நல்லாத் தெரிஞ்சிக்கிடணும்.

ஒரு நா சீக்கிரம் வந்துட்டா. தொட்டியில கஞ்சி கெடக்கு. தொட்டியப் பாத்தா, என்னையப் பாத்தா. "டாக்டர் வேண்டாம்னாகல்ல அத்த?"

"பசியில கத்துச்சுத்தா. இன்னைக்கு ஒரு நாத்தான். மனசு கேக்கல."

"ஒங்க மனசு யாருக்கு வரும்"னுட்டுத் தொட்டிய அவளே கழுவி வச்சா.

தீவாளிக்கு முன்ன, ஆவணிக் கடைசி. விடியக்காலமே மாடு கத்துச்சு. வேலுத்தாய் சாப்பாட்டு வாளியக் கையில வச்சிக்கிட்டு நிக்கா. வேனுக்காரன் ஆரன் அடிக்கான். "அத்த, இன்னைக்கு டாக்டர் வருவாக. நான் கூட நின்னு என்ன ஏதுன்னு கேக்கேன். லீவு போட்டுரட்டுமா?"

கூட நின்னா தொட்டியில கைய விடுவா. அரிசிப்பானையப் பாப்பா. உப்புப் பொட்டணம் எங்கன்னு கேப்பா. "நான் பாத்துக்கிட மாட்டனா? ஆர்டர் குமிஞ்சு கெடக்குன்னு நீதான சொன்ன? நீ போத்தா"ன்னேன்.

போயிட்டா.

சத்தம் கேக்கும்போது நான் ரெண்டாவது வாளிய ஊத்திக்கிட்டிருந்தேன். கூரைத் தகரம் அதிர்ந்துச்சு. தெற்க, கம்பெனிப் பக்கம் பொகை எந்திரிச்சுச்சு. தெருவே ஓடுச்சு. நான் வாளிய முழுசா ஊத்திட்டுத்தான் போனேன். பாதிக் குடியில விட்டா மாடு தவிச்சுப் போகும்.

அவளக் கொண்டாந்து அந்த முருங்கைக்குக் கீழதான் போட்டாக, மூடிப் போட்டு. நீங்களும் ஊசிப் பெட்டியோட வந்து, கூட்டத்தப் பாத்துட்டு வண்டியத் திருப்பிக்கிட்டீக. பஞ்சம்மா என்னையக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு, "மகளாட்டம் வச்சிருந்தாளே"ன்னு அழுதா. அது பொய்யில்ல டாக்டரம்மா. மகளாட்டந்தான் வச்சிருந்தேன்.

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் எம்மவன் பிள்ளையக் கூட்டிக்கிட்டுத் திருத்தங்கல் போயிட்டான். "நீயும் வாம்மா"ன்னான். மாட்ட யாரு பாப்பான்னு சொல்லிட்டேன். அவன் போன அன்னைக்குத்தான் கஞ்சிய நிறுத்துனேன். நீங்க சொன்ன மாதிரி பச்சப்புல்லு, தாது உப்பு, எல்லாம் ஒழுங்கா வச்சேன். மாடு சினை பிடிச்சா இந்த வீட்ட விட்டுப் போறதுக்கு இனி யாரு இருக்கா? ஒடம்பு எளச்சுச்சு, கத்துச்சு, ஒரே ஊசியில நின்னு போச்சு. அம்புட்டுத்தான் ரகசியம்.

காப்பியக் குடிக்காமலே வச்சுட்டீகளே. ஆறிப் போச்சு, வேற போட்டுத் தாரேன். எந்திரிக்காதீக. யாருகிட்ட வேணும்னாலும் சொல்லுங்க, நான் மறுக்க மாட்டேன். ஊசி நிக்காமப் பண்ணுனது நாந்தான். அவளப் போகச் சொன்னதும்... அது, அன்னைக்கு ஒரு நாத்தான்.

பொட்டக் கன்னுன்னு நீங்க சொன்னதும் எனக்கு எம்புட்டுச் சந்தோசம் தெரியுமா. கயித்தக் கொஞ்சம் குட்டையாக் கட்டியிருக்கேன், ரோட்டப் பாத்தா ஓடப் பாக்குது. வேலுத்தாய்னுதான் பேரு வச்சிருக்கேன். கூப்பிட்டா திரும்பிப் பாக்குது டாக்டரம்மா. எம்மேல கோவம் இருந்தா திரும்பிப் பாப்பாளா?