பக்கத்தின் அடியில் செஃபோ எழுதிய வரி

"பேச்சு நீண்டால் மேசையைத் தட்டுவேன்" என்று முன்கூட்டியே மிரட்டிவிட்டுத் தலைமை நாற்காலியில் மடிக்கணினியோடு அமர்ந்திருக்கும் எங்கள் நைரீ அவர்களே! கியூபா தெரு மாடியில், இணையதளம் கட்டும் எங்கள் பழைய அலுவலகத்தில், தோளோடு தோள் உரசி, குளிரோடு குளிர் பழகி, என்னோடு உழைத்த மூத்தோரே! பின்கட்டில் தேங்காய்ப்பால் மணக்க மணக்கச் சமைத்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் சமோவா தேவாலயத்துத் தாய்மார்களே! மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டே மடியில் திரையை மறைத்து வைத்திருக்கும் இளைய தோழர்களே! எல்லாருக்கும் மேலாக, முன்வரிசையில் பிள்ளைகளோடு வீற்றிருக்கும் திரேசா அம்மையாரே! உங்கள் அனைவரையும் நெஞ்சம் நெகிழ வணங்குகிறேன்.

போரிருவா மண்டபத்தில் இன்று ஏன் கூடியிருக்கிறோம்? தீவுப் படகு நிறுவனத்தின் பழைய இணையதளம் இன்றோடு ஓய்கிறது. நாளை புதியது பிறக்கிறது. இணையதளத்துக்கு வழியனுப்பு விழாவா என்று சிரிக்கலாம். சிரியுங்கள்! ஆனால் அதைக் கட்டியவன் செஃபோ. போன குளிர்காலத்தில் நம்மை விட்டுப் போன செஃபோ. திரேசாவின் கணவன். எல்லாரையும் "உசோ" என்று, சகோதரனாகவே அழைத்துப் பழகியவன்.

இளைஞர்களே, இன்று ஒரு விசையைத் தட்டினால் உலாவியே தன் வயிற்றைத் திறந்து காட்டுகிறது. எந்த வரியில் பிழை, எந்தப் படம் வரவில்லை, எந்தப் பெட்டி எங்கே இடிக்கிறது, எல்லாம் தெரிகிறது. அன்று எங்களுக்கு என்ன இருந்தது? கண் இருந்தது, கோபம் இருந்தது, ஆறிப்போன இறைச்சி அப்பம் இருந்தது! பிழை எங்கே என்று தெரியாது. ஆகவே வரிக்கு வரி ஒரு சின்ன அறிவிப்புப் பெட்டியைச் செருகுவோம். பெட்டி திரையில் குதித்தால் அதுவரை சரி. குதிக்காவிட்டால் அங்கேதான் கோளாறு. அந்தப் பெட்டிக்குள் ஆளுக்கொரு சொல் எழுதுவோம். நைரீ "இங்கே" என்று எழுதுவார். நான் "ஐயோ" என்று எழுதுவேன். செஃபோ என்ன எழுதுவான்?

ஆமாம், தாய்மார்கள் சரியாகச் சொல்கிறார்கள். "பலுசாமி!" தேங்காய்ப்பாலைக் கீரையில் பொதிந்து வேகவைக்கும் சமோவாப் பண்டம்; அதற்காக அவன் உயிரையே விடுவான். முதல்முறை கேட்டபோது என் ஊர்க்காரர் யாரோ வந்திருக்கிறார் என்று நான் வாசலைப் பார்த்தேன்!

ஒருநாள் அந்தப் பெட்டியை எடுக்க மறந்து, பல் மருத்துவர் ஒருவரின் தளத்தை உலகுக்குத் திறந்துவிட்டான். பல்வலியோடு வந்தவர்க்கெல்லாம் முதல் வரவேற்பு பலுசாமி. வரவேற்பாளர் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார்: "யாருங்க அந்த பலுசாமி? நோயாளிங்க எல்லாம் அவருகிட்டதான் காட்டணும்னு கேக்குறாங்க!"

சிரித்தோம். ஆனால் படகு நிறுவன வேலை வந்தபோது சிரிப்பு நின்றது. பக்கத்தில் கடல் படம் அழகு, எழுத்து அழகு, எல்லாம் அழகு. பயணச்சீட்டுப் பதிவு செய்யும் பொத்தான் மட்டும் அசையாது! அழுத்து, அழுத்து, கல் மாதிரி கிடக்கும். படகு நிறுவனத்து டெஸ்மண்ட் கடைசிக் கெடு வைத்துவிட்டார்: "வெள்ளிக்கிழமை வருவேன். வேலை செய்யலன்னா ஆக்லாந்துக்காரங்க கிட்ட குடுத்துடுவேன்." அந்த வேலை போனால் எங்கள் மாடிக்குப் பூட்டு. செஃபோவுக்கு அப்போதுதான் திருமணம் நிச்சயமாகியிருந்தது. மணப்பெண் இதோ, முன்வரிசையில்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் நைரீ உலாவிக்குள் புதிதாக ஒரு கருவியைப் பொருத்திக்கொண்டு வந்தார். "இங்க வாங்கடா, இதப் பாருங்க!" சுட்டியை ஒரு படத்தின் மேல் வைத்தார்; படத்தைச் சுற்றி நீலக்கோடு. எழுத்தின் மேல் வைத்தார். எழுத்தைச் சுற்றி நீலக்கோடு. பொத்தானின் மேல் வைத்தார். நீலக்கோடு பொத்தானைச் சுற்றவில்லை! பொத்தானுக்கு மேலே, கண்ணுக்கே தெரியாத ஒரு வெற்றுப் பெட்டி கண்ணாடிபோல் படுத்திருந்தது. நாங்கள் இத்தனை நாளும் பொத்தானையா அழுத்தினோம்? இல்லாத பெட்டியின் முதுகையல்லவா சொறிந்தோம்!

செஃபோ அந்தக் கருவிக்குள்ளேயே பெட்டியை ஒதுக்கினான். பொத்தான் உயிர்பெற்றது. கத்தினோம், குதித்தோம், கீழ்க்கடைக்காரர் கூரை விழுந்ததென்று ஓடிவந்தார். டெஸ்மண்டும் வந்தார். "உக்காருங்க சார், முதல்லேருந்து காட்டறேன்" என்று செஃபோ பெருமிதமாகப் பக்கத்தைப் புதுப்பித்தான்.

மீண்டும் கல்!

இளைஞர்கள் சிரிக்கிறீர்கள். இந்தத் தவற்றைச் செய்யாதவர் இங்கே ஒருவர் உண்டா? கை தூக்குங்கள் பார்ப்போம். ஒரு கையும் இல்லை! டெஸ்மண்ட் தொப்பியை எடுத்தார். "இதக் காட்டவா என்னைக் கூப்பிட்டீங்க?" செஃபோவின் முகம் வெளுத்தது. நைரீதான் அவன் தோளைத் தட்டினார்: "நீ மணல்ல எழுதிட்டடா. அலை வந்து அடிச்சிட்டுப் போயிடுச்சு. போ, மூலத்துல எழுது." கருவிக்குள் மாற்றுவது நம் திரையில் மட்டும் மாறும் என்பதை அவன் அன்றைக்குத்தான் கற்றான். மூலக்கோப்பில் எழுதினான். புதுப்பித்தான். பொத்தான் வேலை செய்தது. டெஸ்மண்ட் தொப்பியைத் திரும்ப மேசையில் வைத்தார். செஃபோ நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்ன சொன்னான்? "அப்பாடா. வாங்க, சாப்பிடலாம்!"

சமோவாவில், சுற்றிலும் தூண் மட்டுமே நிற்கும் சுவரில்லாத வீட்டில் வளர்ந்தவன் அவன். சாப்பிடும் நேரத்தில் தெருவில் போகிறவரைக் கூப்பிடாமல் விட்டால் அவன் அம்மா தொடையில் கிள்ளுவாராம். அன்றைய இணையமும் அப்படித்தானே இருந்தது? யாரும் யார் பக்கத்தையும் திறந்து பார்க்கலாம். எப்படிச் செய்தார் என்று கற்கலாம். பார்த்துப் படித்தோம், படித்துப் படைத்தோம், படைத்ததைப் பிறர் பார்க்கத் திறந்து வைத்தோம். அந்த நாட்கள் எனக்கு வேண்டும் ஐயா! திரும்ப வராது என்று தெரிந்தும் வேண்டும்.

திரேசா, இப்போது என் பின்னாலிருக்கும் திரையைப் பாருங்கள். இது அவன் கட்டிய பழைய தளம். கருவியைத் திறக்கிறேன். அடியில் ஒரு பலகை இருக்கிறதே, கணினி தன் குறைகளைச் சிவப்பில் புலம்பும் இடம், பயணிகள் யாரும் பார்க்காத இடம், திறந்து பார்க்கும் நம் தொழில்காரர்க்கு மட்டும் தெரியும் இடம். அங்கே என்ன எழுதியிருக்கிறான்?

"யாரு, உசோவா? வாங்க, சாப்பிடலாம்."

இத்தனை ஆண்டுகளாக வழியில் போன எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். நீங்கள் இதைப் பார்த்ததில்லை, தெரியும். அழுங்கள் அம்மா, நானும் அழுகிறேன்.

இதோ நாளைய தளம். அதே பலகை. காலி! இன்று பக்கங்களைப் பிழிந்து சுருக்க ஓர் இயந்திரம் வைத்திருக்கிறோம். பயனில்லாத வரி என்று அது முதலில் தூக்கி எறிந்தது இந்த வரியைத்தான். பயனில்லாததா? சொல்லுங்கள், பசித்தவனைக் கூப்பிடுவது பயனில்லாததா? வேகம் வேண்டும், வேண்டாமென்று யார் சொன்னார்? ஆனால் வாசலில் நின்று வா என்று கூப்பிடும் ஒரு வரிக்கு இடமில்லாத வேகம் நமக்கு எதற்கு? தலைவர் அவர்களே, இந்த அவையின் சார்பில் கேட்கிறேன், அந்த வரி திரும்ப வரவேண்டும்!

நைரீ மேசையைத் தட்டுகிறார். என்ன நைரீ?

"கத்தாதடா. நீ பேசிட்டிருக்கும்போதே போட்டுட்டேன்."

மணலிலா, மூலத்திலா?

"என்னையே கேக்குறியா? புதுப்பிச்சுப் பாரு."

அழுத்துகிறேன். திரை வெளுக்கிறது. பக்கம் வருகிறது. பலகை... இருக்கிறது! அவையோரே, வரி இருக்கிறது! மறுபடி அழுத்துகிறேன், இருக்கிறது! எந்த அலை வந்தாலும் இனி இருக்கும்!

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும், சமைத்த கைகளுக்கும், செஃபோவை எங்களுக்குத் தந்த திரேசாவுக்கும் என் நன்றி. என்னம்மா, ஏதோ சொல்கிறீர்களே? ஒலிவாங்கியை அங்கே கொடுங்கள்.

"ஆறிடப் போகுது. அவரு கூப்பிட்டா உக்காந்திருக்கக் கூடாது. எல்லாரும் வாங்க, சாப்பிடலாம்."

இதற்குமேல் எனக்கென்ன பேச்சு? வணக்கம்!